பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

சந்தையிற் புதுப்பானை வாங்க வரும் மூதாட்டியார் விலை கேட்பதற்கு முன்னர் ஒரு காரியம் செய்வார். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, அதன் வயிற்றில் இரண்டு முறை தட்டுவார். கணீரென்று ஒலித்தாற் பேரம் தொடங்கும்; பொத்தென்று ஒலித்தால் அப்பானை இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். தைப்பொங்கலுக்கு முந்திய நாள்களில் இக்காட்சியை யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலும் மட்டக்களப்புச் சந்தைகளிலும் காணலாம். அம்மூதாட்டியார் பௌதிகவியல் கற்றவரல்லர். ஆயினும், மயிரிழை போன்ற வெடிப்பொன்று கலத்தில் இருந்தால் அதன் அதிர்வு அவ்விடத்தில் அறுந்துபோகும் என்பதும், சூடு போதாத கலத்தில் மண்டுகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பற்றாமையால் அது ஒலியைத் தாங்காது என்பதும் அவருடைய விரலுக்குத் தெரியும்.

சித்திரக்கலை பயிலும் இளைய மாணவர் பலர் வனைகலையை இவ்வாறு சந்திப்பதில்லை. பிறமொழிச் சொற்களின் பட்டியலொன்றாகவே அது அவர்களிடம் வந்து சேர்கிறது. பரீட்சைக்காகப் பட்டியலை நெட்டுருப் பண்ணுகின்றனர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இதனால் விளையும் கேடு மறதி மட்டுமன்று. உலர்தலின் நிலைகளைப் பிரித்தறியாத மாணவனுடைய கலம் சூளையில் வெடித்துப் பக்கத்திலுள்ளவர்களுடைய கலங்களையும் உடைத்துவிடுகிறது. மெருகையும் கண்ணாடிப் பூச்சையும் ஒன்றெனக் கொண்டவன் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய ஓடொன்றுக்கு நூதனசாலையிற் பிழையான விளக்கம் எழுதிவிடுகிறான். ஈயம் கலந்த பூச்சின் இயல்பை அறியாதவன் அதில் ஊறுகாய் போட்டு வைக்கிறான். சொல்லைச் சரியாகப் பிடித்தால் பொருளும் கையிற் பிடிபடும். இத்துறைக்கு வேண்டிய சொற்களிற் பெரும்பகுதி குயவர் மனைகளிலும் அடுக்களைகளிலும் பழந்தமிழ் நூல்களிலும் ஏற்கெனவே உள்ளது என்பதை மாணவர் முதலில் உணர்தல் வேண்டும்.

களிமண் என்பது முதுமையடைந்த பாறை. கருங்கல் போன்ற பாறைகளிலே பெல்சுபார் என்னும் கனியம் உண்டு. மழைநீரும், அந்நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டும் நெடுங்காலம் அதனைத் தாக்கி அரிக்கும்போது, அலுமினாவும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த நுண்ணிய புதுப்பொருளொன்று பிறக்கிறது. அதுவே களி. பிறந்த பாறைக்கருகிலேயே தங்கிவிடும் களியும் உண்டு. ஆற்றாலும் வெள்ளத்தாலும் அடித்துச் செல்லப்பட்டுக் குளத்தடியிலும் தாழ்நிலத்திலும் போய்ப் படியும் களியும் உண்டு. நூல்களை முதனூல், வழிநூல் எனப் பகுப்பது போல இவற்றையும் முதற்களி, வழிக்களி எனப் பகுத்துக் கூறலாம். முதற்களி வெண்மையானது, தூய்மையானது. ஆனாற் கைக்கு எளிதில் வளையாதது. வழிக்களி வருகின்ற வழியெல்லாம் இரும்பையும் இலைமக்கையும் சேர்த்துக்கொண்டு, அரைபட்டு நுண்மையடைந்து வருவது, எளிதில் வளையும், சுட்டபின் சிவக்கும். ஊர்க் குயவர் குளக்கரையிலும் வயற்புறத்திலும் எடுப்பது இவ்வழிக்களியையே. வெண்களிக்குக் கயோலின் என்றொரு பெயர் உண்டு. சீன நாட்டிற் பீங்கானுக்குப் பெயர்பெற்ற சிங்தெசன் நகருக்கு அண்மையில் உள்ள காவோலிங் என்னும் குன்றின் பெயரே அவ்வாறு திரிந்தது. இலங்கையில் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் இவ்வெண்களி கிடைக்கிறது.

களிமண் ஏன் வளைகிறது, மணல் ஏன் வளைவதில்லை என்ற கேள்விக்கு விடை துகளின் வடிவத்தில் உள்ளது. மணலின் துகள் உருண்டை. களியின் துகள் தட்டு. அத்தட்டுகளிற் பெரும்பாலானவற்றின் அகலம் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கினும் குறைவு. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவை வழுக்கி நகரும். ஆனாற் பிரித்தெடுப்பது கடினம். களியிலும் அதுவே நிகழ்கிறது. தட்டுகளுக்கிடையே உள்ள நீர் அவற்றை நகரவும் விடுகிறது, பிரியாமலும் காக்கிறது. அழுத்திய வடிவத்தை ஏற்று, அழுத்தம் நீங்கிய பின்னரும் அவ்வடிவத்திலேயே நிற்கும் இத்தன்மைக்குக் குழைவு என்று பெயர். மாணவர் இதனைச் சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மண்ணைச் சுண்டுவிரற் பருமனுள்ள திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைத்தாற் போதும். வெடிக்காமல் வளையும் மண் குழைவுள்ளது. வளைவின் முதுகிற் பிளவு தோன்றினால் அது வனைதற்கு ஏலாத மண்.

எடுத்த மண்ணை அப்படியே வனைவதில்லை. நீரிற் கரைத்து, கல்லும் வேரும் நீக்கி, தெளியவைத்து, ஈரத்துணியின் கீழ்ச் சில நாள் கிடக்கவிட்டு, பின்னர் மிதித்தும் பிசைந்தும் பதப்படுத்துவர். குழைவு மிகையான மண்ணுடன் மணலோ, பழைய ஓட்டை இடித்த பொடியோ கலப்பதுண்டு. ஒருமுறை சுடப்பட்ட ஓட்டுப்பொடி மீண்டும் சுருங்காது. ஆதலாற் கலத்தின் சுருக்கத்தை அது குறைக்கிறது. ஈரம் வெளியேறுதற்கு வழியும் திறந்து வைக்கிறது. பிசைதலின் நோக்கம் மண்ணை எங்கும் ஒரே தன்மையதாக்குதலும், உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றுதலுமாகும். இவ்விடத்தில் வகுப்பறைகளிற் பரவியுள்ள தவறான எண்ணமொன்றைத் திருத்திக்கொள்வது நன்று. சூளையிற் கலத்தை வெடிக்கச் செய்வது காற்றுக் குமிழி என்று பலர் கூறுவர். முற்ற உலர்ந்த கலத்திற் குமிழி இருந்தாலும் அது பெரும்பாலும் வெடிப்பதில்லை. வெடிக்கச் செய்வது சுவருக்குள் எஞ்சிய ஈரமே. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. தடித்த சுவருக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லாதபோது சுவரே வழிவிட வேண்டியதாகிறது. தடிப்பாகச் செய்த பிள்ளையார் சிலை வெடித்ததற்காகக் காற்றைக் குறைகூறும் மாணவன், அச்சிலையின் உட்புறத்தைக் குடைந்து மெல்லியதாக்கி இன்னும் ஒரு வாரம் உலரவிட்டிருந்தால் அது தப்பியிருக்கும்.

கையினால் மட்டும் கலம் செய்யும் முறைகள் மூன்று. உருண்டையின் நடுவிற் பெருவிரலை அழுத்திச் சுவரைக் கிள்ளிக் கிள்ளி எழுப்புவது கிள்ளு வேலை. உருட்டிய திரிகளை வளையமாக அடுக்கி இணைப்பது திரி வேலை. மண்ணைப் பலகைபோல் உருட்டி வெட்டிப் பொருத்துவது பலகை வேலை. இவையன்றி, மண்குழம்பைச் சாந்தினாற் செய்த அச்சுக்குள் ஊற்றும் வார்ப்பு முறையும் உண்டு. அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் தோலாகப் படியும். ஆலைகளில் தேநீர்க் குடுவைகள் பெரும்பாலும் இம்முறையாலேயே உருவாகின்றன.

சக்கரத்தின்மேற் செய்யும் தொழிலுக்குத் தமிழில் வனைதல் என்ற அழகிய வினைச்சொல் உண்டு. ஓவியம் தீட்டுதற்கும் அணிசெய்தற்கும் இச்சொல் வழங்கும். ஆங்கிலத்தில் இத்தொழிலை எறிதல் என்று பொருள்படும் சொல்லாற் குறிப்பர். மண்ணைச் சக்கரத்தில் எறிவதால் வந்த பெயர் என்று சிலர் விளக்குவதும் உண்டு. ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் முறுக்குதல், சுழற்றுதல் என்பதே. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து மண் எறிதல் என்று எழுதும் பாடக்குறிப்புகள், கையில் இருக்கும் நல்ல சொல்லை விட்டு இல்லாத ஒன்றைத் தேடிச் செல்கின்றன.

குயவரின் சக்கரத்தைப் பழந்தமிழ் திகிரி என்றது. அதனைத் தண்டினால் உந்திச் சுழற்றுவர். ஆகவே தண்டசக்கரம் என்ற தொடரும் எழுந்தது. சைவசித்தாந்த வகுப்பிற் காரணங்களை விளக்கும் ஆசிரியர் குடத்தையே எடுத்துக்காட்டுவார்: மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். தத்துவம் கற்ற மாணவர் பலர் கண்ணாற் காணாத ஒரு சக்கரத்தைப் பற்றி நாவாற் பலமுறை கூறியிருப்பர். அச்சக்கரத்தில் முதற் படி, மண்ணை நடுவத்தில் நிறுத்துதல். மண்ணின் நடுவமும் சுழற்சியின் நடுவமும் ஒன்றாகும்வரை இரு கைகளாலும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். நடுவம் சேர்ந்துவிட்டதை அறியும் அடையாளம் வியப்பானது: சக்கரம் விரைந்து சுழன்றுகொண்டிருக்க, மண் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். தொடக்க மாணவர் வாரக்கணக்கில் இப்படியிலேயே நிற்பது இயல்பு. அதன்பின் நடுவிற் குழி திறத்தல், சுவர் ஏற்றுதல், விளிம்பு மடித்தல், நூலால் அறுத்தெடுத்தல் ஆகியன முறையே வரும்.

ஆயினும் சோற்றுப்பானை சக்கரத்தில் முடிவதில்லை. அங்கே பாதிதான் பிறக்கிறது. சக்கரத்தில் நிற்கும்போது கலத்தின் அடி தட்டையாகவோ திறந்தோ இருக்குமேயன்றி உருண்டையாக இருத்தல் இயலாது. ஊர்க் குயவர் விளிம்பையும் கழுத்தையும் சக்கரத்திற் செவ்வையாக முடித்து, கீழ்ப்பகுதியைத் தடிப்பாக விட்டு, நூலால் அறுத்து எடுத்துவிடுவர். அறுத்த இடத்திற் பானைக்கு அடியே இல்லாமலும் இருக்கலாம். சிறிது நேரம் நிழலில் உலர்ந்தபின், உள்ளே வழவழப்பான கல்லொன்றைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டுவர். ஒவ்வொரு தட்டுக்கும் சுவர் மெலியும், வயிறு பெருக்கும், அடி மெல்ல மெல்லக் கூடி மூடும். பக்கத்து வீட்டாருக்குக் கேட்கும் அந்தத் தட்டோசை நின்றபோது பானை ஒன்று முடிந்ததென்று பொருள். இவ்வாறு தட்டிய சுவரில் துகள்கள் நெருங்கிப் படிவதால் அது மெல்லியதாயினும் வலியது. உருண்டை அடி அழகுக்காக அமைந்ததன்று. மூலையுள்ள கலத்தை நெருப்பில் வைத்தால் மூலையும் சுவரும் வெவ்வேறளவில் விரிந்து, அங்கேயே பிளக்கும். உருண்டையில் மூலையில்லை, வெப்பம் எங்கும் ஒத்துப் பரவும். மூன்று கல் அடுப்பின்மேல் அது தானாகவே அமர்ந்துகொள்ளும். தட்டையான மேசைக்கு அது பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அது மேசைக்காக வனையப்பட்டதன்று.

கலத்தின் உறுப்புகளுக்குத் தனிப்பெயர் தேட வேண்டியதில்லை. மனித உடலே பெயர் தந்துள்ளது. வாய், உதடு, கழுத்து, தோள், வயிறு, அடி என மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டே வரலாம். பிடி இருந்தால் அது காது. நீர் ஒழுகும் குழாய் மூக்கு. கலங்களின் பெயர்களோ தொழிலைக் காட்டுவன. நீருக்குக் குடம், சோற்றுக்குப் பானை, கறிக்குச் சட்டி, கள்ளுக்கு முட்டி, விளக்குக்கு அகல். உட்புறத்தில் வரிவரியாகக் கீறலிட்டு, அரிசியிலுள்ள கல்லைப் பிடித்து நிறுத்தும் அரிக்கன்சட்டி, கோலமும் பயனும் ஒன்றான வடிவத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூக்குள்ள கெண்டியை மலாய் நாட்டாரும் அதே பெயரால் அழைக்கின்றனர். தாழி என்பது இறந்தோரை இட்டுப் புதைத்த பெருங்கலத்துக்கும் பெயர். புறநானூற்றின் 256 ஆம் பாடலிற் கணவனை இழந்த பெண்ணொருத்தி ஊர்க் குயவரை விளித்து, தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைந்து தரும்படி வேண்டுகிறாள். அத்தகைய தாழிகள் தமிழகத்தில் ஆதிச்சநல்லூரிலும் இலங்கையின் வடமேற்குக் கரையிற் பொன்பரிப்பிலும் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்டுள்ளன.

வனைந்த கலம் உலரும்போது கடக்கும் நிலைகளை மாணவர் கண்ணாலும் கையாலும் பிரித்தறிதல் வேண்டும். முதலில் ஈரநிலை, தொட்டால் வடிவம் கெடும். அடுத்தது தோற்பதம், பதனிட்ட தோலைப் போலக் கலம் தன் வடிவிற் உறுதியாக நிற்கும், ஆயினும் கத்தி இறங்கும். அடியைச் சீவுதல், காது ஒட்டுதல், கோலம் கீறுதல், மெருகிடுதல் யாவும் இப்பதத்திற் செய்யத்தக்கன. ஒட்டவேண்டிய இரு பக்கங்களையும் குறுக்குமறுக்காகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைப் பசையாகத் தடவி அழுத்த வேண்டும். மூன்றாவது முற்றுலர்ந்த நிலை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாற் குளிர்ச்சி இராது. இந்நிலையிற் கலம் மிக எளிதில் உடையும். இவையனைத்தும் சேர்ந்தே பச்சைக்கலம் எனப்படும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று பழமொழி கேட்கிறது. மனிதரைக் குறித்து வழங்கும் அப்பழமொழி குயவர் கொட்டிலிற் சொல்லுக்குச் சொல் உண்மை. பல களிமண்கள் ஈரநிலையிலிருந்து சுட்டு முடியும்வரை நூற்றுக்குப் பத்து அளவிற் சுருங்குகின்றன. சுருங்கி முடித்த கலத்தோடு இனிச் சுருங்கப்போகும் காதை ஒட்டினால், காது தன்னைத்தானே இழுத்துப் பிய்த்துக்கொள்ளும்.

பச்சைக்கலத்துக்குத் திருக்குறள் தரும் பெயர் பசுமட்கலம். தீய வழியில் ஈட்டிய பொருளைப் பாதுகாப்பது, சுடாத கலத்தில் நீரை ஊற்றிவைப்பது போன்றது என்பது 660 ஆம் குறளின் கருத்து. உவமையை நன்கு உணர விரும்பும் மாணவன் உலர்ந்த பச்சைக்கிண்ணம் ஒன்றில் நீர் ஊற்றிப் பார்க்கலாம். நீர் ஒழுகி ஓடிவிடும் என்றே பலர் எண்ணுவர். நிகழ்வது அதனினும் கடியது: கிண்ணமே கரைந்து உட்கார்ந்துவிடும். நீரும் போயிற்று, கலமும் போயிற்று. அதே கிண்ணம் சுடப்பட்டிருந்தால் நூறாண்டு நீரிற் கிடந்தாலும் கரையாது. சூளை மண்ணைக் காயவைக்கும் இடமன்று. மண்ணை வேறொரு பொருளாக்கும் இடம்.

சதமவளவையில் 100 பாகை வரையிலே தங்கிய ஈரம் வெளியேறும். 500 பாகையை அணுகிக் கடக்கும்போது, களியின் உடம்போடு இரசாயன முறையிற் கட்டுண்டிருந்த நீரும் நீங்கிவிடும். அதன்பின் அது எக்காலத்தும் களியாகத் திரும்பாது. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல்லின் அமைப்புத் திடீரென மாறி விரியும். அவ்விடத்திற் சூட்டை விரைந்து ஏற்றினாலும் இறக்கினாலும் கலம் வெடிக்கும். மேலும் சூடேற, துகள்கள் விளிம்பில் உருகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மூதாட்டியாரின் விரல் கேட்கும் கணீரென்ற ஒலி பிறப்பது இங்கேதான். யாழ்ப்பாணத்தாருக்குப் பாண் சுடுமிடம் போறணை. கலமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுமிடம் சூளை. இவ்வேறுபாட்டை மாணவரும் காத்துக்கொள்வது நல்லது. ஊர்ச் சூளையில் வெப்பத்தை அளப்பது குயவரின் கண். செந்நிறத்தின் சாயலைக் கொண்டே அவர் விறகை நிறுத்துவார். கலைக்கூடங்களில் இதற்கு வெப்பக்கூம்புகளைப் பயன்படுத்துவர். ஒவ்வொன்றும் ஒரு குறித்த வெப்பநிலையில் தலைசாயுமாறு கலந்து செய்யப்பட்டவை. 1886 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹேர்மன் செகர் வகுத்த முறை.

சூளையில் நெருப்பைப் போலவே காற்றும் வேலை செய்கிறது. ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு அதனோடு சேர்ந்து செந்நிறம் தரும். இது ஒட்சியேற்றச் சூடு. காற்று வழியை அடைத்துப் புகையைத் தேக்கினால் நெருப்பு மண்ணிலிருந்தே ஒட்சிசனைப் பறிக்கும். கலம் சாம்பல் நிறமோ கருமையோ அடையும். இது தாழ்த்தற் சூடு. ஒரே மண், ஒரே சூளை, இரு நிறம். இரண்டையும் ஒரே கலத்திற் காட்டியவர்கள் பழந்தமிழகத்திலும் ஈழத்திலும் வாழ்ந்த பெருங்கற்கால மக்கள். உள்ளும் வாய்ப்புறமும் கருமையும், வெளிப்புறம் செம்மையுமாக அமைந்த அவர்களுடைய கலங்களைக் கருஞ்செம்மட்கலம் என்பர். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டமையால், காற்று நுழையாத உட்புறம் கருத்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். கந்தரோடையிலும், 1980 களின் தொடக்கத்தில் அகழப்பட்ட ஆனைக்கோட்டையிலும், அநுராதபுரத்திலும் இவ்வகை ஓடுகள் கிடைத்தன.

அவ்வோடுகளிற் பல கண்ணாடிபோல மின்னுகின்றன. ஆயினும் அவற்றிற் கண்ணாடி இல்லை. மாணவர் தடுமாறும் இடம் இது. தோற்பதத்திலுள்ள கலத்தைக் கூழாங்கல்லால் தேய்க்கும்போது களியின் தட்டுகள் மேற்பரப்பிற் படுத்துக்கொள்கின்றன. படுத்த தட்டுகள் ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. பொன்னுக்கு மெருகிடுவது போன்ற இச்செயலே மெருகிடுதல். புதிதாக எதுவும் பூசப்படவில்லை. நிறமுள்ள மண்ணைக் குழம்பாக்கி மேலே தடவினால் அது மண்பூச்சு. காவிக் குழம்பு தடவிய குடம் இதற்கு உதாரணம். மூன்றாவது கண்ணாடிப் பூச்சு. அரைத்த கனியங்களை நீரிற் கலந்து கலத்தில் தடவிச் சுட, அவை உருகிக் கலத்தோடு ஒட்டிய மெல்லிய கண்ணாடித் தோலாகும். நகத்தாற் கீறியோ ஒளியைப் பார்த்தோ இவற்றைப் பிரிப்பது எப்போதும் இயலாது. உடைந்த விளிம்பை உருப்பெருக்கியாற் பார்த்தால், கண்ணாடிப் பூச்சுத் தனிப் படலமாகத் தெரியும்.

கண்ணாடிப் பூச்சுக்கு மூன்று கூறுகள் வேண்டும். கண்ணாடியாக மாறுவது சிலிக்கா. தனியே அது உருகுதற்கு 1,700 பாகையளவு வெப்பம் வேண்டும். அதனைக் குறைந்த சூட்டில் உருகச் செய்யும் இளக்கிப் பொருள் இரண்டாவது. மரச்சாம்பல், சுண்ணாம்பு, சோடா முதலியன இவ்வேலை செய்யும். உருகிய பூச்சு வழிந்தோடாமல் நிறுத்துவது அலுமினா. நிறத்துக்கு உலோக ஒட்சைட்டுகள்: கோபாற்று நீலம் தரும், செம்பு ஒட்சியேற்றச் சூட்டிற் பச்சையும் தாழ்த்தற் சூட்டிற் செம்மையும் தரும், இரும்பு ஒன்றிற் பழுப்பும் மற்றதில் இளம்பச்சையும் தரும். ஈயமும் மிகச் சிறந்த இளக்கி. குறைந்த சூட்டிலே பளபளப்பான பூச்சைத் தருவது. அதனாலேயே பல நாட்டுக் குயவர் பல நூற்றாண்டுகள் அதனை விரும்பினர். ஆனாற் செவ்வையாகச் சுடப்படாத ஈயப் பூச்சின்மேற் புளியோ எலுமிச்சையோ பட்டால் ஈயம் உணவிற் கரைந்து உடம்பை நஞ்சாக்கும். அதன் தூளும் பூசுவோருக்கு நஞ்சே. மாணவர் உணவுக் கலங்களுக்கு அதனைத் தொடாதிருப்பதே தக்கது. பூச்சுப் பொருளை வாங்கும்போது ஈயம் உண்டோ என்று கேட்டறிவதில் வெட்கம் வேண்டியதில்லை.

ஊர்க் குயவர் மரபிற் கண்ணாடிப் பூச்சு இடம்பெறாமையைச் சிலர் குறையாகக் கூறுவர். குடத்து நீர் குளிர்வது, சுவரின் நுண்டுளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால். கண்ணாடி பூசினால் அக்குளிர்ச்சி இல்லை. அடுப்பிலேற்றும் சட்டியும் நுண்டுளை உள்ளதாயின் சூட்டின் அதிர்ச்சியைப் பொறுக்கும். பூச்சின்மை இங்கே பயன் கருதிய தெரிவு.

சுட்ட கலங்களை உடம்பின் இறுக்கத்தைக் கொண்டு மூவகைப்படுத்துவர். ஏறத்தாழ 1,150 பாகைக்கு உட்பட்டுச் சுட்டதும், நீரை உறிஞ்சுவதும் மண்கலம். 1,200 முதல் 1,300 பாகை வரை சுட்டு, கல்லைப்போல் இறுகி, பூச்சில்லாமலே நீர் கசியாதது கற்கலம். ஊறுகாய்ச் சாடி பலவும் இவ்வினம். வெண்களியோடு பெல்சுபாரும் படிகக்கல்லும் சேர்த்து 1,300 பாகையளவிலோ அதற்கு மேலோ சுட்டு, வெண்மையும் ஒளி ஊடுருவும் தன்மையும் பெற்றது பீங்கான். விளக்கின் முன் பிடித்தால் மறுபக்கத்து விரலின் நிழல் தெரியும். மலாய் மொழியிற் பிங்கான் என்பதும் சிங்களத்திற் பிங்கான என்பதும் உண்கலத்தைக் குறிக்கும். கடல்வழி வந்த பொருள் தன் பெயரையும் துறைமுகம்தோறும் இறக்கிச் சென்றது போலும். சீனர் காத்துவந்த இத்தொழில் நுட்பத்தை ஐரோப்பியர் கண்டறிந்து மைசன் நகரில் ஆலை நிறுவியது 1710 ஆம் ஆண்டில். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே சொங் அரச காலத்துச் சீனக் கலங்கள் யாழ்ப்பாணக் கரைக்கு வந்துவிட்டன. 1977 ஆம் ஆண்டில் அல்லைப்பிட்டியில் ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வில் அவற்றின் உடைவுகள் வெளிப்பட்டன.

ஓடு என்ற சொல் இறுதியாக வரவேண்டியது. உடைந்த கலத்தின் துண்டு அது. பொன்னை உருக்கி மீண்டும் பயன்படுத்துவர், மரம் உக்கும், இரும்பு துருவேறும். ஓட்டை எவரும் திருடுவதில்லை, அது அழிவதுமில்லை. அதனாலேயே காலத்தைக் கணிப்போர் ஓட்டை நம்புகின்றனர். நம்பியவர்களும் தவறியதுண்டு. 1945 ஆம் ஆண்டில் அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர், உட்புறத்தில் நுண்ணிய புள்ளி வட்டங்கள் பதிந்த ஒருவகைக் கலத்தை உரோமர் கடல்வழி கொணர்ந்த சரக்கெனக் கருதினார். அதே வகை ஓடுகள் கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் கிடைத்தன. பின்வந்தோர் அதன் மண்ணையும் செய்முறையையும் ஆராய்ந்து, அது இந்தியாவிலேயே வனையப்பட்டதென்ற முடிவுக்கு வந்தனர். கோலத்தை மட்டும் பார்த்தபோது தோன்றாத விடை மண்ணைப் பார்த்தபோது தோன்றிற்று.

ஆகவே ஓடொன்றைக் கையிலெடுக்கும் மாணவர் முதலில் உடைந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். மண்ணின் நிறம், கலந்துள்ள மணல், நடுவிற் கருமை உண்டோ இல்லையோ என்பன அங்கே தெரியும். அடுத்து மேற்பரப்பு: மெருகா, மண்பூச்சா, கண்ணாடியா என்று எழுதுதல் வேண்டும். உட்புறத்தில் விரல்வரிகள் சுற்றிச் சுற்றிச் சென்றால் சக்கரத்தில் வனைந்தது. ஆழமில்லாத குழிகள் இருந்தால் உள்ளே கல்லைப் பிடித்துத் தட்டியது. விளிம்புத் துண்டு கிடைத்தால் அது பெரும்பேறு. தாளில் ஒரு மையத்திலிருந்து பல வட்டங்களை வரைந்து, அத்துண்டின் வளைவு எந்த வட்டத்தோடு பொருந்துகிறதென்று பார்த்தால், இரண்டு விரல் அகலமுள்ள அந்தத் துண்டிலிருந்தே முழுக் கலத்தின் வாய் எத்தனை சதமமீற்றர் அகலமாயிருந்தது என்று சொல்லிவிடலாம்.